தண்ணீரில் யார் இறங்குவது?

(தாம்பரத்தில் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சுற்றுச்சூழலும் சாதியும்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். அவ்வளவு பெரிய தலைப்பில் பேச என்னைவிடப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு வேலை. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால், ஜனவரி முடிய ஓடைகளிலும் கால்வாய்களிலும் ஏரிகளிலும் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிக்கிற ஒரு குழுவை நடத்துகிறேன். ஒன்பது பேர். மழை முடிந்தால் கலைந்துவிடும். அடுத்த மழைக்கு மறுபடி சேரும். நான்கு பருவமாக இதைச் செய்கிறேன். அந்த வேலைக்குள் சாதி எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். தலைப்போடு ஒட்டவில்லை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர் போகிற வழி. கிழக்குத் தாம்பரத்தில் பெய்கிற மழையில் பெரும்பகுதி கடைசியில் பள்ளிக்கரணைக்குத்தான் போகிறது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிச் சதுப்புநிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடல். ஒரு ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு என்று நம் முன்னோர்கள் கட்டிய சங்கிலி. "நம் முன்னோர்கள்" என்று சொல்கிறபோது யாருடைய முன்னோர்கள் என்று கேட்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு என்று தெரியும். அதற்கு வருகிறேன்.

இந்தச் சங்கிலியின் ஓரத்தில் ஒரு காடும் இருக்கிறது. நன்மங்கலம் காப்புக்காடு, சுமார் 320 ஹெக்டேர். வேளச்சேரி சாலையில் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது காடு என்றே தெரியாது. முட்புதரும் பாறையும் கைவிடப்பட்ட கல்குவாரியும்தான் கண்ணில் படும். ஆனால் நல்ல மழை பெய்த மறுநாள் அந்தச் சரிவுகளில் சின்னச் சின்ன ஓடைகள் இறங்கும். எங்கள் வேலை அங்கே தொடங்கும். காட்டு அடிவாரத்தில் ஒரு மாதிரி எடுத்துவிட்டு, தண்ணீர் போகிற திசையிலேயே, வீடுகளுக்கு நடுவே, கடைகளுக்குப் பின்னால், அடுக்குமாடிகளின் சுற்றுச்சுவரை ஒட்டி, சதுப்புநிலம் வரைக்கும் இறங்கிக்கொண்டே போவோம்.

மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கரையில் நின்று குனிந்து அள்ளினால் நுரையும் மிதக்கிற குப்பையும்தான் பாட்டிலில் வரும். ஓட்டத்தின் நடுவுக்குப் போக வேண்டும். அடியில் சேறு கலங்காமல் நிற்க வேண்டும். தண்ணீர் வருகிற பக்கம் பார்த்துப் பாட்டிலின் வாயைத் திருப்பி, ஒரு சாண் ஆழத்தில் நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கான பாட்டில் என்றால் மூடியின் உட்பக்கம் விரல் படக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்தால் நல்லது. ஒரு நாள் தாண்டினால் வீண்.

கரையிலேயே செய்கிற ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனைப் பார்ப்பது. பாட்டிலில் மாங்கனீஸ் சல்பேட் கொஞ்சம், அயோடைடு கலந்த காரக் கரைசல் கொஞ்சம் விட்டுக் குலுக்குவோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் படியும். சுத்தமாக இல்லை என்றால் வெள்ளையாகப் படியும். காட்டு ஓடையில் எடுத்தால் நல்ல பழுப்பு. சில கிலோமீட்டர் கீழே இறங்கி, கழிவுநீர் கலக்கிற கால்வாயில் எடுத்தால் வெள்ளை. முதல்முறை வருகிற பிள்ளைகள் வெள்ளை அழகாக இருக்கிறதே என்பார்கள். அந்தத் தண்ணீரில் மீன் மூச்சுவிட முடியாது என்று சொன்ன பிறகு யாரும் அழகு என்று சொல்வதில்லை.

இதற்கெல்லாம் அளவுகள் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரை அதன் பயன்பாட்டை வைத்து 5 வகையாகப் பிரித்திருக்கிறது. கிருமி நீக்கினாலே குடிக்கக்கூடியது, குளிக்கத்தக்கது, சுத்திகரித்தால் குடிக்கக்கூடியது, மீனும் விலங்கும் வாழத்தக்கது, பாசனத்துக்கு ஆனது. குளிக்கிற தண்ணீர் என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். மலத்திலிருந்து வருகிற கோலிபார்ம் கிருமி 100 மில்லிலிட்டருக்கு 500க்குள் இருந்தால் நல்லது, 2,500ஐத் தாண்டவே கூடாது. மீனுக்கு ஒரு வகை இருக்கிறது, நெல்லுக்கு ஒரு வகை இருக்கிறது. மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒப்பந்தக்காரர் கூட்டி வருகிற ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிப் போடுகிறார்களே, அவர்கள் நிற்கிற தண்ணீருக்கு அந்த ஐந்தில் எந்த வகை? நான் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

சாக்கடையில் ஆள் இறங்குவதே சட்டவிரோதம், அதற்கு எப்படி அளவு வைப்பார்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். கேள்வி சரிதான். 2013இல் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. அரசு வைத்திருக்கிற கணக்கிலேயே இந்தச் சாவுகளில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். சாக்கடை என்று சட்டம் சொல்கிறது. மழைநீர்க் கால்வாய் என்று பெயர் வைத்துவிட்டால் அதே தண்ணீரில் ஆளை இறக்கலாம். எங்கள் பாட்டிலுக்கு அந்தப் பெயர் வித்தியாசம் தெரிவதில்லை.

சரி, எங்கள் குழுவுக்கு வருகிறேன்.

நான் முதலில் சேர்ந்தபோது குழுவை வேறொருவர் நடத்தினார். நல்ல மனிதர், சாதி பார்க்காதவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அறிவியல் பட்டதாரிகள் நாலைந்து பேர் இருந்தோம். செம்மஞ்சேரியிலிருந்து இரண்டு தம்பிகள் "கள உதவியாளர்" என்ற பெயரில் தினக்கூலிக்கு வந்தார்கள். இரண்டாவது வாரத்திலேயே ஒழுங்கு ஒன்று அமைந்துவிட்டது. ஒருவர் மீட்டரைப் பிடிப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் போட்டோ எடுப்பார். தண்ணீருக்குள் அந்த இரண்டு தம்பிகள். யாரும் உத்தரவு போடவில்லை. "உனக்குப் பழக்கம்தானே", "நீ நல்லா நீந்துவ" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அறிக்கை அச்சானபோது மீட்டர் பிடித்தவர் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் இருந்தது. தண்ணீரில் நின்றவர்கள் "உள்ளூர் உதவிக்கு நன்றி" என்ற ஒரு வரிக்குள் போனார்கள்.

இதில் கெட்டவர் என்று யாரையும் காட்ட முடியாது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பொறுப்பு என்னிடம் வந்ததும் சுவரில் ஒரு முறைப்பட்டியல் ஒட்டினேன். ஒன்பது பேரும் முறை வைத்து இறங்க வேண்டும், ஒன்பது பேரும் முறை வைத்து எழுத வேண்டும். தண்ணீரில் இறங்குகிற நாளுக்குக் கூலி கூட, யார் இறங்கினாலும் அதே கூலி. மார்பு வரை வருகிற ரப்பர் உடை இரண்டு வாங்க பணம் ஒதுக்கியிருந்தார்கள். இறங்குகிறவர் இரண்டு பேர்தானே என்பது அவர்கள் கணக்கு. ஒன்பது கேட்டேன். ஆளுக்கொன்று, அவரவர் அளவில். ஒரு மாதம் மல்லுக்கட்டி ஆறு வந்தது. மூன்றைச் சந்தா போட்டு வாங்கினோம். லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், தண்ணீர் வழியாகத் தோல் வெடிப்பில் நுழைகிற நோய். பட்டதாரியின் தோலில் அது நுழையாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பட்டியல் ஒட்டிய முதல் வாரத்தில் ஒரு மாணவனின் அம்மா போன் செய்தார். "ஏம்மா, எம்புள்ளய சாக்கடையில எறக்குறீங்களாமே? அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்கல்ல?" கோபம்கூட இல்லை அவரிடம். உலகம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எடுத்துச் சொன்னார். "அந்த ஆளுங்க யாருங்கம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. "ஒனக்கே தெரியும்" என்று வைத்துவிட்டார். அந்தப் பையன் நின்றுவிட்டான். அவனோடு வந்த இன்னொருவன் நிற்கவில்லை. இறங்கினான், முதல் நாள் வாந்தி எடுத்தான், மூன்றாவது வாரம் பாட்டிலை எங்களைவிட நன்றாகப் பிடித்தான். இப்போதும் வருகிறான்.

தண்ணீரைத் தொடுவது பற்றிப் பேசும்போது மகத்தைப் பேசாமல் போக முடியாது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். எப்படி? பாலும் தயிரும் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்து 108 பானை ஊற்றி. இதை நான் பாடம் எடுக்கும்போது சொல்வேன். மலக் கோலிபார்ம் என்றால் மனிதனுடைய குடலிலிருந்து மட்டும் வருவதல்ல, மாட்டின் குடலிலிருந்தும் வரும். அன்று யாராவது பாட்டிலோடு போயிருந்தால், தலித்துகள் குடித்த பிறகு ஒரு எண்ணும், சுத்தம் செய்த பிறகு அதைவிடப் பெரிய எண்ணும் கிடைத்திருக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் வேங்கைவயலைச் சொல்வேன், சிரிப்பு நின்றுவிடும்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் விசாரணை, டிஎன்ஏ சோதனை, குரல் சோதனை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பாதிக்கப்பட்ட அதே பகுதியைச் சேர்ந்த மூன்று பேர்தான் குற்றவாளிகள் என்றது. ஊர் மக்கள் ஏற்கவில்லை. பல கட்சிகளும் இயக்கங்களும் சிபிஐ விசாரணை கேட்டன. நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். யாரிடமிருந்து ரத்தம் எடுப்பது, யாரைச் சந்தேகிப்பது என்பதைச் சோதனைக் குழாய் முடிவு செய்வதில்லை. சோதனைக்கு முன்பே யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள்.

எங்கள் வேலையிலும் அப்படித்தான். எந்த இடத்தில் பாட்டிலை முக்குவது என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது.

ஒரு கால்வாயில் இது நடந்தது. ஊரின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அந்த மக்களுக்குத் தொல்லை. சாலைக்கு அடியில் போகிற சின்னப் பாலம். அதற்கு மேல்பக்கம் கால்வாய்க் கரையில் நாற்பது வீடுகள், ஓலையும் தகரமும். பாலத்தடியில் எடுத்த மாதிரியில் கோலிபார்ம் எண்ணிக்கை மிக அதிகம், ஆக்சிஜன் சோதனையில் வெள்ளை. எங்களுக்குக் கொடுத்திருந்த படிவத்தில் "மாசின் மூலம்" என்று ஒரு கட்டம். அதில் டிக் அடிக்க நாலு தேர்வுகள். தொழிற்சாலை, விவசாயம், வணிகம், ஆக்கிரமிப்புக் குடியிருப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒரு தேர்வு கிடையாது. கண்ணால் பார்த்தால் என்ன தெரிகிறது? நாற்பது குடிசை, கீழே கெட்ட தண்ணீர். டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. மக்கள் வாழ்கிற இடம் எதுவானாலும் அதற்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி, பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. நாற்பது வீடுகளுக்கு மேலே போய் எடுத்தோம். அங்கேயே தண்ணீர் கெட்டிருந்தது. வீடுகளைத் தாண்டி வருவதற்குள் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அந்த வரிசையில் இருந்த ஓர் ஆயா, "ராத்திரி ஒரு மணிக்கு வா, நாங் காட்டுறேன்" என்றார். போனோம். விளக்கை அணைத்துக்கொண்டு டேங்கர் லாரி வந்து நின்றது. குழாயைக் கால்வாய்க்குள் விட்டது. பத்து நிமிஷத்தில் காலி. அடுத்தது வந்தது.

இந்தப் புறநகர்களில் வாழ்கிற யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. பாதாளச் சாக்கடை போகாத தெருக்கள் ஏராளம். அடுக்குமாடிகளின் செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரியைக் கூப்பிடுவார்கள். லாரி அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். டீசல் செலவு, வரிசையில் காத்திருக்கிற நேரம் எல்லாம் பார்த்தால் இருட்டில் ஒரு கால்வாய் லாபம். லாரி ஓட்டுகிற அண்ணனும் குழாய் பிடிக்கிற தம்பியும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர்களைப் பிடித்து அபராதம் போடுவது சுலபம். லாரியைக் கூப்பிட்ட குடியிருப்புச் சங்கத்துக்கு யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை.

அறிக்கை எழுதுகிற நேரத்தில்தான் சண்டை. எங்களுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தில் ஒருவர், "சிம்பிளா எழுதலாமே, கால்வாய்க் கரை ஆக்கிரமிப்புகளால் மாசு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, செம்மஞ்சேரித் தம்பிகளுக்குத் தெரியும். 2000க்குப் பிறகு சென்னைக்குள் இருந்த குடிசைப் பகுதிகளைக் காலி செய்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் கட்டினார்கள். பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கூவத்தையும் அடையாற்றையும் சுத்தம் செய்கிறோம் என்று கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து, சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பூமியில் இறக்கினார்கள். பெரும்பாலோர் தலித்துகள். ஒரு மழை பெய்தால் செம்மஞ்சேரியில் முழங்கால் தண்ணீர். அதே சதுப்புநிலம் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது என்கிறார்கள். இன்று ராம்சார் பட்டியலில் இருப்பது 1,247 ஹெக்டேர். மிச்சத்தை விழுங்கியவை குடிசைகளா? குப்பைக் கிடங்கு இருக்கிறது, சாலை இருக்கிறது, அரசு நிறுவனங்களின் கட்டடங்கள் இருக்கின்றன, கண்ணாடி போட்ட ஐடி கம்பெனிகள் இருக்கின்றன. "ஆக்கிரமிப்பு" என்ற சொல் அந்தக் கண்ணாடியில் மட்டும் ஒட்டுவதில்லை.

அந்த வாக்கியம் இருந்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள், அட்டவணையில் என் கையெழுத்தும் இருக்காது என்றேன். குழுவில் மற்ற எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். தண்ணீரில் இறங்கியவர்கள் இல்லாமல் அட்டவணை செல்லாது என்பது அவர்களுக்குத் தெரியும். கடைசியில் வீடுகளுக்கு மேலே, கீழே, பகல், இரவு என்று நாலு எண்களையும் அப்படியே அச்சிட்டார்கள். லாரி பற்றி ஒரு பத்தி வந்தது. ஆனால் முன்னுரையில் "கரையோர அழுத்தங்கள்" என்று மழுப்பலாக ஒரு சொல்லை நுழைத்துவிட்டார்கள். முழு வெற்றி இல்லை. நாற்பது வீடுகள் இன்றைக்கு இருக்கின்றன. நாளைக்கு யாராவது அந்த முன்னுரையை மட்டும் எடுத்துக்கொண்டு வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

"நம் முன்னோர்கள்" பற்றிச் சொல்கிறேன் என்றேன். பழைய செங்கல்பட்டுச் சீமையின் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். கம்புக்கட்டி என்றும் சொல்வார்கள், தோட்டி என்றும் சொல்வார்கள். மதகைத் திறப்பது, மூடுவது, வயலுக்கு வயல் தண்ணீரைப் பங்கிட்டு விடுவது, வெள்ளம் வந்தால் இரவெல்லாம் கரையில் நிற்பது அவர் வேலை. பெரும்பாலும் தலித்துகள். ஊருக்கே தண்ணீர் பங்கிட்ட அந்தக் கை ஊர்க் கிணற்றில் வாளி விட முடியாது. எங்கள் வரைபடத்தில் காணாமல் போன ஒரு வரத்துக்கால்வாயை அப்படிப்பட்ட குடும்பத்துப் பெரியவர் ஒருவர்தான் காட்டிக் கொடுத்தார். ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்று, "இதோ இங்கதான் போச்சு, எங்கப்பா இங்கதான் மடை வெட்டுவாரு" என்றார். மழை வந்தபோது தண்ணீர் சரியாக அந்த இடத்தில்தான் தேங்கியது. அவர் பெயர் அறிக்கையில் இருக்கிறது. நன்றி வரியில் போடவில்லை, தகவல் தந்தவர் என்று வரைபடத்தின் மேலேயே போட்டோம்.

கடைசியாக, எண்களை யாரிடம் கொடுப்பது என்ற விஷயம். அறிக்கை ஆங்கிலத்தில் வரும், நிறுவனத்துக்குப் போகும், மாநாட்டுக்குப் போகும். கரையில் இருக்கிறவர்களுக்கு வராது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், உயிர்களும் போயின. குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பு அதை உடனே ஏற்கவில்லை. அதன் பிறகு நாங்கள் போகிற இடங்களில் எல்லாம் பெண்கள் ஒரே கேள்வி கேட்டார்கள். "நீங்க ஓடையில பாக்குறீங்க சரி, எங்க அடிபம்புல வர்ற தண்ணிய எப்பம்மா பாப்பீங்க?"

அதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில் என்பார்கள். உள்ளே மருந்து தோய்த்த தாள் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, வீட்டுக்குள் ஒரு மூலையில் வைத்தால் ஒன்று இரண்டு நாளில் தெரியும். கறுப்பாக மாறினால் மலக்கிருமி இருக்க வாய்ப்பு அதிகம், அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. விலையும் குறைவு. ஆய்வகத்துக்கு அனுப்பி எண் வாங்குகிற அளவுக்குத் துல்லியம் இல்லைதான். ஆனால் சாம்பிளும் முடிவும் அவர்கள் வீட்டிலேயே இருக்கும், யாரும் "கோப்பில் இருக்கிறது" என்று சொல்ல முடியாது. போன பருவத்தில் ஒரு தெருவில் ஏழு வீடுகளில் வைத்தோம். நான்கு கறுத்தன. அக்காக்கள் அந்த நான்கு பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போனார்கள். நான் கூடப் போகவில்லை, அவர்களே வேண்டாம் என்றார்கள். அதிகாரியின் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "சார், இதுல ஒரு மடக்கு குடிங்க" என்றார்களாம். ஒரு வாரத்தில் அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது. குழாய் மாற்றுகிறோம் என்றார்கள், இன்னும் மாற்றவில்லை. தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை நாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அந்தக் குழாயையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வருடம் அக்டோபர் மூன்றாவது வாரம் தொடங்குகிறோம். இரண்டு இடம் காலி. அறிவியல் படித்திருக்க வேண்டும் என்று இல்லை, பாட்டில் பிடிக்கக் கற்றுக்கொடுப்போம். ஆக்சிஜன் சோதனை இரண்டு நாளில் வந்துவிடும். முறைப்பட்டியல் சுவரில் இருக்கும். சேருகிறவர்களின் பெயர் முதல் வாரமே இறங்குகிற பக்கத்தில் வரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். போன் வந்தால் நான் எடுப்பேன், ஆனால் பட்டியலை மாற்ற மாட்டேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள், தோழர்களே.